எடுத்துச் செல்லப்படாத கடிதம்

ஆனையூரில் நம் பங்கைச் சேர்ந்த சிலர் மாதம் ஒருமுறை மாலை வேளையில் கூடி ஏதேனும் ஒரு நூலைப் பற்றி உரையாடுவது வழக்கம். அண்மையில் கூடியபோது பாளையக்காரர் போர்களைப் பற்றிய பேச்சு எழுந்தது. சின்ன மருது சிறுவயல் அரண்மனையில் வாயிற்காவலரே இல்லாமல் வாழ்ந்தார் என்றும், ஊமைத்துரையின் கையசைவுக்கு ஊரே கட்டுப்பட்டது என்றும் பெரியவர் ஒருவர் உள்ளம் நெகிழ்ந்து எடுத்துரைத்தார். கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் எழுந்து, "ஃபாதர், இவற்றையெல்லாம் யார் எழுதி வைத்தார்கள்?" என்று வினவினார். கும்பனியின் படை அதிகாரிகளே என்றோம். "தூக்கிலிட்டவர்கள் எழுதியதை எப்படி நம்புவது? நம்பினாலும் எதுவரை நம்புவது?" என்று அவர் மீண்டும் கேட்டார். அன்று நாம் கூறிய விடை எமக்கே நிறைவளிக்கவில்லை. அவ்வினாவைச் சற்று ஆழமாக எண்ணிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

கும்பனி ஆட்சி காகிதத்தால் இயங்கிய ஆட்சி. களத்தில் நிற்கும் அதிகாரி சென்னையிலிருந்த அரசுக்கு எழுதுவார். அது படியெடுக்கப்பட்டு ஆலோசனைக் குறிப்பேடுகளில் சேரும். அங்கிருந்து இலண்டன் இயக்குநர்களின் பார்வைக்குக் கப்பலேறும். அக்காகிதங்களில் பெரும்பகுதி இன்றும் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்திலும் இலண்டனிலும் இருக்கின்றன. அதிகாரியின் பதவி உயர்வும் பெயரும் அவர் எழுதும் கடிதத்தைச் சார்ந்திருந்தன. ஆகவே அக்கடிதங்கள் செய்தி கூறுவதோடு எழுதியவருக்காக வழக்கும் பேசின. இதைத் தவிர அதிகாரிகள் தமக்கென எழுதிய நாட்குறிப்புகளும், ஓய்வுக்காலத்தில் அந்நாட்குறிப்புகளிலிருந்து தொகுத்து அச்சிட்ட நினைவுநூல்களும் உண்டு. இம்மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது தவறு.

இத்தகைய எழுத்தைப் படிக்கும் முறையைத் திருவிவிலியமே நமக்குக் கற்றுத் தருகிறது. திருத்தூதர் பணிகள் நூலில் படை அதிகாரி ஒருவர் எழுதிய அலுவல் கடிதம் ஒன்று இருப்பதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். எருசலேமில் கலகம் மூண்டபோது ஆயிரத்தவர் தலைவர் கிளாதியு லீசியா பவுலைப் பிடித்து இரு சங்கிலிகளால் கட்டுமாறு பணிக்கிறார். பின்னர்ச் சாட்டையால் அடித்து விசாரிக்கக் கட்டளையிடுகிறார். அடிப்பதற்காகக் கட்டும் வேளையில்தான் பவுல் உரோமைக் குடியுரிமை பெற்றவர் என்பது தெரியவருகிறது, தலைவர் அஞ்சுகிறார். ஆனால் ஆளுநர் பெலிக்சுக்கு அவர் எழுதும் கடிதத்தில் (23:26-30) நிகழ்ச்சி வேறு விதமாக இருக்கிறது. இவர் உரோமைக் குடிமகன் என்று அறிந்ததால் படைவீரரோடு விரைந்து சென்று காப்பாற்றியதாக எழுதுகிறார். சங்கிலியைப் பற்றியோ சாட்டையைப் பற்றியோ பேச்சே இல்லை. லூக்கா இதற்கு உரை எதுவும் எழுதவில்லை. நடந்ததையும் எழுதப்பட்டதையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு விலகிக் கொள்கிறார்.

எனினும் அதே கடிதத்தில் மற்றொன்றும் உள்ளது. சாவுக்கோ சிறைக்கோ உரிய குற்றம் எதையும் இவர் செய்யவில்லை என்று லீசியா எழுதுகிறார். அது உண்மை. ஒரே கையெழுத்தில், ஒரே தாளில், ஒரு மழுப்பலும் ஓர் உண்மையும் அருகருகே இருக்கின்றன. தம்மைப் பற்றி எழுதும் இடத்தில் அவர் சறுக்குகிறார். கைதியைப் பற்றி எழுதும் இடத்தில் நேர்மையாக இருக்கிறார். குருமடத்தில் நாம் பயின்ற விவிலிய ஆய்வு நெறிகளுள் ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது: எழுதியவருக்கு ஆதாயம் தராத செய்தியும், அவருக்கே சங்கடம் தரும் செய்தியும் கூடுதலான நம்பிக்கைக்கு உரியவை. இவ்வளவுகோலைக் கையில் கொண்டு நம் மண்ணைப் பற்றிய எழுத்துகளுக்கு வருவோம்.

1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். மறுநாளே மேஜர் பானர்மேன் அரசுக்கு மடல் எழுதினார். அம்மடலைப் பேராயர் கால்டுவெல் 1881இல் வெளிவந்த தமது திருநெல்வேலி வரலாற்றில் சேர்த்தார். விசாரணையின்போது கட்டபொம்மன் கலங்காமலும் இகழ்ச்சி தோன்றவும் நின்றதையும், தூக்குமரத்தை நோக்கித் துணிவோடு நடந்ததையும் அம்மடல் விவரிக்கிறது. 1959இல் வந்த திரைப்படத்தைக் கண்டு கண்கலங்கிய தலைமுறைக்கு இக்காட்சி மனப்பாடம். ஆயினும் இதனை முழுவதும் புகழுரையாகக் கொள்ளுதல் கூடாது. மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண்ணெதிரே ஒருவரைத் தூக்கிலிட்ட அதிகாரி, அக்கொடுமைக்கு நியாயம் காட்ட வேண்டியவராக இருந்தார். அஞ்சாதவன், அடங்காதவன் என்று எழுதினால், அகற்ற வேண்டியவனையே அகற்றினோம் என்பது சொல்லாமலே விளங்கும். வீரத்தைப் பாராட்டும் சொற்கள் தண்டனைக்குச் சான்றாகவும் பயன்படுகின்றன.

அம்மடலிலேயே வேறொரு செய்தி உண்டு. கொலைக்களத்துக்குச் செல்லும் வழியில் கட்டபொம்மன் கவலைப்பட்டது வாய்பேச இயலாத தம் தம்பியைக் குறித்து மட்டுமே என்று பானர்மேன் கேள்விப்பட்டதை எழுதுகிறார். இச்செய்தியால் அரசுக்கு எப்பயனும் இல்லை, எழுதியவருக்கும் இல்லை. அதிகாரியின் கையிலிருந்து தவறி விழுந்ததுபோல் அது அங்கே கிடக்கிறது. நாம் பானர்மேனை நம்ப வேண்டிய இடம் இதுவே என்று கருதுகிறோம்.

அடுத்து ஜேம்ஸ் வெல்ஷ். அவர் இளம் அதிகாரியாக 1795இல் மதுரையில் இருந்தவர். அந்நாளில் இந்நகரம் கோட்டை மதிலுக்குள் அடங்கியிருந்தது. மதில் இடிக்கப்பட்டு வெளிவீதிகள் எழுந்தது பின்னாளில். நம் ஆனையூர் வைகைக்கு வடக்கே, கோட்டையிலிருந்து தள்ளிக் கிடந்த வயல்வெளி. 2011இல்தான் இது மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. அக்காலத்தில் வெல்ஷ் சின்ன மருதுவோடு நட்புக் கொண்டார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுத் தந்தவர் சின்ன மருதுவே என்று நன்றியோடு எழுதுகிறார். ஆறே ஆண்டுகளில், 1801இல், அதே வெல்ஷ் கும்பனிப் படையில் ஒருவராக மருதுவைத் தேடிக் காடெங்கும் அலைந்தார். அக்டோபர் 1ஆம் நாள் காளையார்கோவில் வீழ்ந்தது. தொடையெலும்பு முறிந்த நிலையில் பிடிபட்ட சின்ன மருதுவும், அண்ணன் பெரிய மருதுவும், உற்றார் பலரும் அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சருகணிக் கோயிலுக்கு மானியம் அளித்தவர்கள் என்று நம் கிறிஸ்தவ மக்கள் இன்றும் நன்றியோடு நினைவுகூரும் சகோதரர்கள் அவர்கள்.

வெல்ஷ் தம் நாட்குறிப்பிலிருந்து தொகுத்த இராணுவ நினைவுகள் 1830இல் இலண்டனில் இரு பாகங்களாக வெளிவந்தன. சிறுவயல் அரண்மனையின் திறந்த வாயிலைப் பற்றி நாம் அறிவது அந்நூலின் வாயிலாகவே. தமக்கு வளரி கற்றுத் தந்த மனிதரைக் காட்டு விலங்கைப் போல விரட்டவும், அவர் தூக்கில் தொங்குவதைக் காணவும் நேர்ந்ததை அவர் ஒரே மூச்சில் சொல்லிச் செல்லும் பகுதி, படிப்போர் எவரையும் உலுக்கும். தம் நண்பரையும் அவர்தம் வீர மைந்தரையும் ஒரே மரத்தில் கண்டதாக அவர் எழுதுவதில் உண்மையான துயரம் இருக்கிறது. அதனை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அப்பகுதியின் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். இவையெல்லாம் போரின் விதியால் தமக்கு நேர்ந்தவை என்பதே அவர் எழுதும் முறை. விரட்டியவர் யார்? விதி. தூக்கிலிட்டவர் யார்? அந்த வாக்கியத்தில் எவரும் இல்லை. தூக்குமரம் மட்டும் நிற்கிறது. கண்டவர் இருக்கிறார், செய்தவர் மறைந்து போகிறார். தமிழிலும் 'தூக்கிலிட்டோம்' என்று எழுதுவதற்கும் 'தூக்கிலிடப்பட்டனர்' என்று எழுதுவதற்கும் இடையே ஒரு மனச்சாட்சியின் தூரம் உண்டு. லீசியா செய்ததை மாற்றி எழுதினார். வெல்ஷ் எதையும் மாற்றவில்லை, செயப்பாட்டு வினைக்குள் ஒதுங்கிக் கொண்டார். மேலும், அந்நூல் வெளிவந்தபோது மருதுவின் மரபு ஒடுங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இறந்த பகைவனைப் புகழ்வதற்கு எவரும் விலை கொடுக்க வேண்டியதில்லை.

இவ்வளவு குறை கூறியபின் அந்நூலின் பெருமையையும் சொல்லியாக வேண்டும். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பிய ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாள்களில் மீண்டும் எழுப்பியதும், மார்ச் 31இல் கும்பனியின் தாக்குதல் முறியடிக்கப்பட்டதும், மே 24இல் கோட்டை வீழ்ந்ததும் பிற ஆவணங்களிலும் உள்ளன. வெல்ஷ் தரும் தாயின் கதையோ தனிச்சிறப்புடையது. கோட்டை வீழ்ந்தபின் களத்தில் தன் மகனைத் தேடிச் சென்ற தாய் ஒருத்தி, அவன் குற்றுயிராய்க் கிடப்பதைக் காண்கிறாள். தன்னை விட்டுவிட்டு, அருகே காயமுற்றுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி அவன் கேட்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. அவள் மகனை விட்டுவிட்டுத் தலைவரைத் தூக்கிச் செல்கிறாள். எட்டயபுரத்து வீரர்கள் தேடி வந்தபோது, அவர்மேல் துணியைப் போர்த்தி, அம்மை கண்டு பிள்ளை இறந்துவிட்டதாகப் பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் அஞ்சி ஓடுகிறார்கள்.

இதனை வெல்ஷ் கண்ணால் கண்டிருக்க இயலாது. பெண்களும், சாகும் நிலையிலிருந்த ஓர் இளைஞனும், பகை வீரர் சிலருமே அங்கிருந்தவர்கள். மக்கள் தமக்குள் சொல்லிச் சொல்லிக் காத்த கதை எவ்வாறோ அதிகாரியின் செவிக்கு எட்டி, அவருடைய தாளிலும் இடம் பெற்றிருக்கிறது. தம் படையை ஏமாற்றித் தப்பிய கதையை அவர் வியப்போடு எழுதுகிறார். அதனால் அவருக்கு ஆதாயம் ஒன்றுமில்லை. அத்தாயின் பெயர் அவருக்குத் தெரியவில்லை, நமக்கும் தெரியாது. மகனைக் கைவிட்டு மற்றொருவரைச் சுமந்த அந்த வேளையில் அவள் உள்ளத்தில் நிகழ்ந்ததை எந்த அதிகாரியின் மடலும் நமக்குச் சொல்லாது. ஆயினும் அந்த ஒரு பக்கம் இல்லையேல் அவளே நமக்கு இல்லை.

மருது சகோதரரின் சொந்தச் சொற்களும் கும்பனியின் பெட்டிக்குள்தான் தங்கின. 1801 ஜூன் 16ஆம் நாளிட்டு, திருச்சிராப்பள்ளிக் கோட்டைச் சுவரிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட அறிக்கையைப் பகைவரே படித்து, பெயர்த்து, பத்திரப்படுத்தினார்கள். பேராசிரியர் க. இராஜய்யன் 1971இல் தென்னிந்தியக் கிளர்ச்சியைப் பற்றிய நூலை எழுதியபோது அந்த ஆவணங்களையே துருவினார். எழுதியவரின் நோக்கத்தை மீறி எழுத்து உண்மையைக் காத்து நிற்பது வரலாற்றில் அரிதன்று.

இனி இக்கட்டுரையின் தலைப்புக்கு வருவோம். 1802 பிப்ரவரியில் எழுபதுக்கும் மேற்பட்ட கைதிகள் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டு, அன்று வேல்ஸ் இளவரசர் தீவு என வழங்கிய பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமியும் அவர்களுள் ஒருவர். அப்போது பதினைந்து வயதளவில் இருந்த சிறுவர். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1818இல், வெல்ஷ் அத்தீவுக்குச் சென்றார். அவர் முன் தளர்ந்து நலிந்த முதியவர் ஒருவர் வந்து நின்றார். யார் என்று அவருக்குப் புலப்படவில்லை. வந்தவர் தம் பெயரைச் சொன்னபோது நெஞ்சில் குத்துப்பட்டவரானார். துரைசாமிக்கு அன்று வயது முப்பதைச் சற்றே கடந்திருக்கும். ஊரில் எஞ்சியிருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். அது கட்டளைக்கு மாறானது என்பதால் வெல்ஷ் எடுத்துச் செல்லவில்லை.

எத்தனையோ மடல்கள் கடல் கடந்தன. பானர்மேனின் மடல் சென்னைக்கும் இலண்டனுக்கும் போயிற்று. வெல்ஷின் நாட்குறிப்பு நூலாகி உலகெங்கும் பரவிற்று. பினாங்கிலிருந்து சிவகங்கைச் சீமைக்கு வரவேண்டிய ஒரே ஒரு கடிதம் மட்டும் கரை சேரவில்லை. துரைசாமி என்ன எழுத விரும்பினார்? தாய் உயிரோடிருக்கிறாரா என்று கேட்டிருப்பாரோ? நாம் அறியோம். படை அதிகாரிகளின் கடிதங்களை எவ்வளவு நுட்பமாக ஆய்ந்தாலும், அவற்றின் நடுவே இந்த வெற்றிடம் இருந்துகொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் வெல்ஷைக் கண்டித்து ஒரு வரி எழுதி முடிப்பது எளிது. அவ்வாறு எழுதத்தான் தொடங்கினோம். எழுதுகோல் நின்றுவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன், இளங்குருவாக இருந்த நாளில், சிறைப்பணிக் குழுவினரோடு ஒரு சிறைக்குச் சென்றிருந்தோம். திருப்பலி முடிந்து புறப்படுகையில் கைதி ஒருவர் நான்காய் மடித்த ஒரு தாளை எம் கையில் வைத்து, "சாமி, எங்க அம்மாகிட்ட சேர்த்திருங்க" என்றார். கைதிகளிடமிருந்து எதையும் வாங்கக்கூடாது என்பது விதி. மீறினால் குழுவுக்கே அனுமதி மறுக்கப்படக்கூடும். தாளைத் திருப்பிக் கொடுத்தோம். அலுவலகத்தின் வழியாக அனுப்புமாறு அறிவுரை கூறினோம். அவர் தலையசைத்தார். அவருக்கு எழுத்து வராது என்பதும், வேறொருவரைக் கெஞ்சி எழுதி வாங்கிய தாள் அது என்பதும் பிறகு தெரிந்தது. அடுத்த முறை சென்றபோது அவர் அங்கில்லை. வேறு சிறைக்கு மாற்றப்பட்டிருந்தார்.

விதி சரியானதே என்று இன்றும் நம்புகிறோம். ஆனால் அன்று மேலாளரிடம் சென்று, இத்தாளை முறைப்படி அனுப்ப வழி செய்யுங்கள் என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். ஊரும் பேரும் கேட்டுக்கொண்டு அத்தாயை நேரில் கண்டு, உன் மகன் நலமாயிருக்கிறான் அம்மா என்று சொல்லியிருக்கலாம். எந்த விதியும் அதைத் தடுத்திராது. திருத்தூதர் பணிகள் நூலிலேயே யூலியு என்னும் மற்றொரு படை அதிகாரி வருகிறார். பவுலைக் கைதியாக உரோமைக்குக் கொண்டு செல்லும் பொறுப்பு அவருடையது. சீதோனில் கப்பல் நின்றபோது, பவுல் தம் நண்பர்களிடம் சென்று அவர்களின் பராமரிப்பைப் பெற அவர் இசைகிறார் (27:3). கட்டளையை அவர் மீறவில்லை. கைதியை உரோமைக்குக் கொண்டு போய்ச் சேர்த்தார். கட்டளைக்கு உள்ளேயே மனிதநேயத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று தேடிப் பார்த்தார், அவ்வளவுதான். நூற்றுவர் தலைவருக்கு இருந்த அந்தத் தேட்டம் குருவானவருக்கு இல்லாமற் போயிற்று.

இளைஞரின் வினாவுக்கு இப்போது எம்மால் விடை கூற முடியும். தூக்கிலிட்டவர்கள் எழுதியதை நம்பலாம். அவர்கள் தம்மைப் பற்றி எழுதும் இடங்களில் ஐயத்தோடும், தமக்கு ஆதாயமில்லாமல் பிறரைப் பற்றி எழுதும் இடங்களில் நன்றியோடும் படிக்கலாம். எவர் எழுதினார் என்பதோடு, எவர் எழுத விடப்படவில்லை என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். வினையைச் செய்தவர் எந்த வாக்கியத்தில் காணாமற் போகிறாரோ அங்கே நின்று தேட வேண்டும். இந்நெறி கும்பனிக் கடிதங்களுக்கு மட்டும் உரியதன்று. நம் குடும்ப வரலாற்றுக்கும், பங்கு விழா மலர்களில் நாம் எழுதும் வரலாற்றுக்கும் பொருந்தும். அங்கும் 'விலக்கி வைக்கப்பட்டனர்', 'வெளியேற நேர்ந்தது' என்னும் வினைமுற்றுகள் ஏராளம்.

எழுதி முடித்துவிட்டுத் தலைப்பைப் படித்துப் பார்த்தோம். எடுத்துச் செல்லப்படாத கடிதம் என்று எழுதியிருக்கிறோம். வெல்ஷின் இலக்கணமே எம் கையிலும் வந்திருக்கிறது. துரைசாமியின் கடிதத்துக்கு அத்தலைப்பு இருந்துவிட்டுப் போகட்டும். சிறையில் எம் கையில் வைக்கப்பட்ட அந்தத் தாளைப் பொறுத்தவரை சரியான வாக்கியம் இது: அதை நாம் எடுத்துச் செல்லவில்லை.